கட்டிக்குள் நோயெதிர்ப்பு செல்கள் யார் பக்கம்?

புற்றுநோய் என்றாலே நோயெதிர்ப்பு செல்களைப் படைவீரர்களாகவும் கட்டியை எதிரியாகவும் வைத்துத்தான் பேச்சை ஆரம்பிக்கிறோம். முதல் தவறே அதுதான். கெட்டுப்போன செல்களைத் தேடிக் கொல்லும் டி செல்களுக்கு அது ஓரளவு பொருந்தும், மேக்ரோபேஜ் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்லுக்குச் சரிப்பட்டு வராது. வெட்டுக்காயத்தில் கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கிச் சுத்தம் செய்கிற அதே மேக்ரோபேஜ்தான், அப்புறம் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து அங்கே புது ரத்தக்குழாய் முளைக்க வைக்கிறது. கட்டிகளை ‘ஆறாத காயங்கள்’ என்று 1986-இல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஹரால்ட் டுவோராக் எழுதினார். மேக்ரோபேஜ் கட்டிக்குள் செய்வதைப் பார்த்தால் அது எவ்வளவு சரி என்று புரியும்.

ரத்தக்குழாயை விட்டு 0.1, 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே திசுவுக்கு ஆக்சிஜன் பற்றாது. கட்டிக்குள் அப்படி மூச்சுத் திணறும் இடங்களில்தான் மேக்ரோபேஜ்கள் போய்க் குவிகின்றன, வி.இ.ஜி.எஃப். சுரக்கின்றன, கூடவே எம்.எம்.பி.-9 என்ற நொதியை விட்டு, செல்களைச் சுற்றியுள்ள இழைகளை அறுத்து, அங்கே ஏற்கெனவே ஒட்டிக்கிடக்கும் வி.இ.ஜி.எஃப்.-ஐயும் அவிழ்த்துவிடுகின்றன. நியூட்ரோபில், மாஸ்ட் செல் என்ற வேறு நோயெதிர்ப்பு செல்களும்கூட இதற்குத் துணை போகின்றன. அதனால் பயாப்ஸி அறிக்கையில் ‘நோயெதிர்ப்பு செல்கள் நிறைய உள்ளன’ என்று பார்த்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், எந்த வகை செல் என்று கேளுங்கள்.

அடுத்த தவறு, ரத்தக்குழாயை வெட்டிவிட்டால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்ற கணக்கு. 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்ன அந்த யோசனை அருமையானதுதான், அதன் வழியில் வந்த, வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் பெவசிசுமாப் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது, ஆனால் அந்த மருந்தால் மட்டுமே நோய் தீர்ந்துவிடுவதில்லை. கட்டியின் குழாய்கள் கோணல்மாணலாக, ஒழுகிக்கொண்டு இருக்கும். எல்லாவற்றையும் அடைத்தால் மருந்தும் டி செல்லும் எந்த வழியாக உள்ளே போகும்? அளவோடு தடுத்தால் குழாய்கள் சீராகும் என்று 2001-இல் கட்டி ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் வாதிட்டது இதனால்தான். வி.இ.ஜி.எஃப். நோயெதிர்ப்பு செல்களையும் மந்தமாக்குகிறது. அதைத் தடுப்பதில் இரட்டை லாபம் என்பதால், பெவசிசுமாபையும், டி செல்களுக்குக் கட்டி போடும் தடையை நீக்கும் அடெசோலிசுமாப் என்ற மருந்தையும் சேர்த்துத் தருவது கல்லீரல் புற்றுநோய்க்கு 2020-இல் ஏற்கப்பட்டது.

‘இம்யூனிட்டி ஏற்றும்’ மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். எந்த செல்லை ஏற்றப்போகிறது என்று அந்த டப்பாவில் எழுதியிருக்காது.

பெவசிசுமாப் எடுப்பவர்கள் பல பிடுங்கக் கிளம்பினால்கூட மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், காயம் ஆறத் தேவையான குழாய்களையும் அது தடுக்கும். தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது 28 நாள் முன்பே அதை நிறுத்துவார்கள்.