பனியில் வில் பழகுபவர்களுக்கு: எய்யும் முன் நாண் இடைவெளியை அளந்து பாருங்கள்

ரிகர்வ் வில் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) புதிதாகப் பழகுபவருக்கு 20 முதல் 25 பவுண்டு இழுவை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, போதும். 40 பவுண்டில் ஆரம்பித்தால் குறி வருவதற்குள் தோள் போய்விடும். ‘வேட்டை வில்’ என்றே விற்றாலும் இங்கே எய்ய வேண்டியது வைக்கோல் இலக்கில்தான். 1972 வனவிலங்குச் சட்டப்படி நீலகிரியில் காட்டுமுயலை அடித்தாலும் குற்றம்.

புது டேக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாண் முதல் சில நாட்கள் நீளும். நாண் தொய்ந்தால் வில்லோடு நெருங்கி, முன்கையில் சுளீரென்று அடிக்கும். பலர் கை வைத்த விதம் தப்பென்று நினைத்துக்கொள்வார்கள். பிடியின் உட்குழிவிலிருந்து நாண் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 62 அங்குல வில்லுக்குச் சுமார் 7½ முதல் 8 அங்குலம் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. குறைந்தால் நாணைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கிய திசையிலேயே நாலைந்து முறுக்கு கூட்டி, மாட்டி, மறுபடி அளந்து பாருங்கள். நாண் சொரசொரத்தால் தேன்மெழுகு தடவி விரலால் சூடேறத் தேயுங்கள். கோத்தகிரிப் பக்கம் நல்ல மெழுகே கிடைக்கும்.

ஊட்டி மூடுபனியில் அம்பின் இறகு நனைந்து படுத்துவிடும், அம்பு ஆடிக்கொண்டே போகும். கெட்டில் ஆவியில் சில விநாடி சுழற்றிக் காட்டினால் இறகு நிமிரும். ஈரத்துக்குப் பயந்து பிளாஸ்டிக் இறகுக்கு மாறாதீர்கள். வில்லின் மேடையிலேயே (பிடிக்கு மேல் அம்பு தங்கும் விளிம்பு) அம்பை வைத்து எய்தால் பிளாஸ்டிக் இறகு அதில் உரசி அம்பைத் தள்ளிவிடும்.