சிங்க் அடியில் ஒரே ஒரு டிராப் போதும்

என் வீட்டு இரட்டைச் சிங்கின் அடியில் முதலில் இரண்டு டிராப் (trap: கொஞ்சம் நீரைத் தேக்கி வைத்துச் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் குழாய்ப் பகுதி) போட்டிருந்தேன், தொட்டிக்கு ஒன்று. இரண்டும் போய் ஒரே குழாயில் சேர்ந்தன. அடைப்பு வந்தால் எதைக் கழற்றுவது என்றே தெரியாது. இப்போது இரண்டு தொட்டிகளையும் T வடிவ 'டி' இணைப்பு ஒன்று வைத்து மேலேயே இணைத்து, கீழே ஒரே டிராப். தொட்டி நிரம்பி வழியாமல் மேல் ஓட்டை வழியாக நீரை இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாயையும் டிராப்புக்கு மேலேதான் சேர்க்க வேண்டும். கீழே சேர்த்தால் சாக்கடை நாற்றம் அந்த ஓட்டை வழியாக நேராக வீட்டுக்குள் வரும்.

வாஷ்பேசினில் வேலை இன்னும் சுலபம். ஓவர்ஃப்ளோ வழி பீங்கானுக்குள்ளேயே இருக்கிறது. தனிக் குழாய் வேண்டாம். ஆனால் பேசினின் அடி ஓட்டையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கின் பக்கவாட்டில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துளையில்லாததை மாட்டிவிட்டு, ஓவர்ஃப்ளோ நீர் ஏன் வடியவில்லை என்று நான் அரை நாள் மண்டையைக் குடைந்தேன்.

பேசினுக்கு 32 மி.மீ. குழாய், சிங்குக்கு 40. நட்டுக்குள் போகும் கூம்பு வாஷரின் குறுகிய பக்கம் இணைப்புக்குள் நுழையும்படி இருக்கட்டும். அந்த இடத்தில் டெஃப்லான் டேப் வேண்டாம், வாஷரே போதும். நட்டைக் கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று மட்டும். பிளாஸ்டிக் நட்டு வீரத்துக்குப் பணியாது, விரிசல்தான் விடும்.

கடைசியில் ஓவர்ஃப்ளோ ஓட்டை வரை நீரை நிரப்பிச் சட்டென்று திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள்.