கொங்கு நாட்டில் வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் குழி வெட்டிப் பாருங்கள்

ஒரு மாத லீவில் வந்து, பூமி பூஜை போட்டு, மேஸ்திரியிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. பிளான் வாட்ஸ்அப்பிலேயே முடிந்திருக்கும். அடியில் என்ன மண் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஒரே ஊரில் ஒரு பக்கம் கரிசல், மறுபக்கம் செம்மண் என்று இருக்கும். கோவை மண்வகைகளுக்கே பீளமேடு தொடர், இருகூர் தொடர் என்று பெயர். முன்னது கரிசல், பின்னது செம்மண். அதனால் பக்கத்து ஊர் மச்சான் வீட்டு அஸ்திவாரத்தை அப்படியே உங்கள் சைட்டில் போடாதீர்கள்.

கரிசல்தான் ஆளைச் சோதிக்கும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்; வெடிப்பில் குச்சியை விட்டால் முழங்கை வரை இறங்கும். ஐப்பசி மழையில் அதே மண் ஊறி உப்பி, வெடிப்பு இருந்த சுவடே தெரியாது. இந்த ஏற்ற இறக்கத்தை வீடும் சேர்ந்து அனுபவிக்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா, மழைக்காலத்தில் கதவு இறுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள், கேளுங்கள். ஆமாம் என்றால் சாதாரண கல் அஸ்திவாரம் போதாது. அசையாத மண் வரை இறங்கி, அடியில் குடை போல விரிந்த கான்கிரீட் தூண், அதாவது அண்டர் ரீம்டு பைல் போட்டு, மேலே பீமால் கட்ட வேண்டும். ஆழம் எவ்வளவு என்பதை மண் பரிசோதனை பார்த்து இன்ஜினியர் சொல்லட்டும். வெட்டிய கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் நிரப்பினால் தரை தூக்கும். கிராவல்தான் போட வேண்டும். லீவு டிசம்பரில்தான் என்றால் வெடிப்பு கண்ணில் படாது, ஏமாந்துவிடாதீர்கள்.

செம்மண்ணில் கட்டடத்துக்குக் கவலை குறைவு. மூன்று நான்கு அடியிலேயே பாறை தட்டும் இடங்களும் உண்டு.

ஆனால் செப்டிக் டேங்க் விஷயத்தில் கதை மாறும். கரிசலில் தண்ணீர் உறிஞ்சாது. செப்டிக் டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி மழைக்காலத்தில் நிரம்பிக் கழிவறைக்கே திரும்பும். செம்மண்ணில் நன்றாக இறங்கும், ஆனால் அடிப்பாறை வெடிப்பு வழியாக உங்கள் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போய்ச் சேரலாம். குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி, இடைவெளி விடுங்கள்; பாறை மேலாக இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். வேலை தொடங்கும் முன் சிறு குழி வெட்டி, இரவெல்லாம் தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலையில் மறுபடி ஊற்றிப் பாருங்கள். ஒரு அங்குலம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் உறிஞ்சு குழியை நம்ப வேண்டாம்; வடிகட்டித் தொட்டி வைத்து வெளியேற்றும் முறையைக் கேளுங்கள்.

அப்புறம் தோட்டம். கரிசலில் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, கலந்திருந்தால் எலுமிச்சையும் மல்லிகையும் வெளுக்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு அதைச் செடிக்கு விடுவதில்லை. யூரியா போட்டால் தீராது, இரும்பு சல்பேட் கரைசலை இலையில் தெளிக்க வேண்டும். வேம்பும் மாதுளையும் அங்கே நன்றாக வரும். செம்மண் ஈரத்தைப் பிடித்து வைக்காது, தொழுவுரமும் ஏரி வண்டலும் நிறையக் கேட்கும். காங்கேயம் பக்கத்துச் சரளை மண்ணில் வேலிக்குக் கிளுவைக் குச்சியை நட்டாலே போதும், அங்குள்ள மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகள் அப்படித்தான் நிற்கின்றன.

கரிசல் வீட்டை ஒட்டிப் பெரிய மரம் வைக்காதீர்கள். வேர் ஈரத்தை இழுத்தால் அந்த மூலை மட்டும் இறங்கும். சுவரோரம் புல்தரை போட்டுத் தினமும் தண்ணீர் விடுவதும் தப்பு. சுற்றிலும் மூன்றடிக்குக் குறையாமல் சரிவான சிமெண்ட் தளம் போடுங்கள்.

தோட்டத்துக்கு மண் பரிசோதனையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் செய்துகொள்ளலாம். வெளிநாட்டு இந்தியர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கச் சட்டம் இடம் தராது, பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். ஆகவே புது இடம் பார்ப்பவர்கள் மண்ணோடு பத்திரத்தில் நிலத்தின் வகையையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.