பிள்ளைக்கு எந்த மனநல மருந்து ஒத்துவரும் எண்டு எப்பிடி கண்டுபிடிக்கிறது

முதல் குடுக்கிற குளிசையே சரிவரும் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ. என்ர மகனுக்கு மூண்டாவதுதான் ஒத்துவந்தது, அதுக்குள்ள ஒண்டரை வருசம் போயிட்டுது. டொக்டர் பிழை விடேல்ல, ஒவ்வொரு பிள்ளையின்ர உடம்பும் ஒவ்வொரு மாதிரி, அவ்வளவுதான்.

ஆற்றையும் சொல்லைக் கேட்டு பாமசியில வேண்டிக் குடுக்கவே வேண்டாம். மனநல டொக்டரிட்டத்தான் காட்டோணும். யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலயும் மனநலப் பிரிவு இருக்கு, காசு கட்டத் தேவையில்லை.

போகேக்க ஒரு கொப்பி கொண்டு போங்கோ. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவன், ஏனெண்டா கிளினிக்கில சனம் நிறைய, டொக்டர் கேக்கேக்க எங்களுக்கு ஒண்டும் ஞாபகம் வராது, "பரவாயில்லை டொக்டர்" எண்டு சொல்லிப்போட்டு வந்து வீட்டில இருந்து அழுறது. என்ர கொப்பியில இப்பிடித்தான் இருக்கும்: "செவ்வாய். நித்திரை ராத்திரி 1 மணிக்குத்தான். காலமை இடியப்பம் ரெண்டு, மிச்சம் வைச்சிட்டான். பின்னேரம் தங்கச்சியோட விளையாடினான்." அந்தக் கடைசி வரியைப் பாத்துத்தான் டொக்டர் அளவைக் கூட்டாம அப்பிடியே விட்டவர்.

எவ்வளவு நாள் பொறுக்கிறது எண்டதையும் கேளுங்கோ. ஒரு இடத்தில இருக்கேலாத பிள்ளையளுக்குக் குடுக்கிற மெதைல்ஃபெனிடேற் அண்டைக்கே வேலை செய்யும், ஆனா பசி குறையும், அதால காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடுக்கிறது நல்லம். மனச்சோர்வுக்குக் குடுக்கிற ஃபுளுஒக்செற்றின் அப்பிடியில்லை, நாலு, ஆறு கிழமை செல்லும், பத்து நாளில சரிவரேல்ல எண்டு விட்டிடாதேங்கோ. கடும் எரிச்சல், மனக்குழப்பத்துக்குக் குடுக்கிற ரிஸ்பெரிடோன் எண்டா நிறை கூடலாம், கிளினிக்குக்குப் போற நேரமெல்லாம் நிறுக்கச் சொல்லுங்கோ, இரத்தத்தில சீனி பாக்கோணுமோ எண்டும் கேளுங்கோ.

ஃபுளுஒக்செற்றின் மாதிரி மருந்து தொடங்கின முதல் கிழமையளிலயும் அளவு மாத்தேக்கயும் பிள்ளையில ஒரு கண் இருக்கோணும். சில பிள்ளையளுக்குச் சாக வேணும் எண்ட எண்ணம் கூடலாம் எண்டு அமெரிக்காவில 2004 இலயே மருந்தின்ர விபரத்தாளில கட்டம் போட்டு எச்சரிக்கை எழுத வைச்சவை. பிள்ளை ஒரு நாளும் இல்லாத மாதிரி பதகளிச்சா, சாவைப் பற்றிக் கதைச்சா அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ. கதைக்கிறதுக்கு 1926 எண்ட மனநல உதவி இலக்கமும் இருக்கு.

ஒரே நேரத்தில ரெண்டை மாத்தாதேங்கோ, எது செய்தது எண்டு பேந்து ஒருத்தருக்கும் விளங்காது. நூல் கட்டுறது, நேர்த்தி வைக்கிறது உங்கட விருப்பம், அதுக்காகக் குளிசையை நிப்பாட்ட வேண்டாம். "இனி என்னத்துக்கு, நல்லாத்தானே இருக்கிறான்" எண்டு சொந்தக்காரர் சொல்ல நான் ஒருக்கா திடீரெண்டு நிப்பாட்டி, மூண்டு நாள் பிள்ளை நித்திரையில்லாம சுவரோட சாய்ஞ்சுகொண்டு இருந்தது இன்னும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது. நிப்பாட்டுறதெண்டாலும் டொக்டர் சொல்லுற கணக்கில கொஞ்சம் கொஞ்சமாத்தான்.

குளிசையை அலுமாரியில பூட்டி வையுங்கோ, நேரத்துக்கு நீங்களே எடுத்துக் குடுங்கோ. எங்கட வீட்டில திறப்பு எப்பவும் என்ர காசுப் பைக்குள்ளதான்.