பகிடிக்கார அப்பப்பாவுக்கு நினைவு மலர் செய்வது எப்படி

31ஆம் நாள் கிரியை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில், யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் வந்தவர் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். முன்பு அதைக் கல்வெட்டு என்றார்கள், இப்போது நினைவு மலர். படம், திதி வெண்பா, பஞ்சபுராணம் என்னும் ஐந்து திருமுறைப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, வம்ச விருட்சம், நன்றி நவிலல் என்று அதற்கு ஒரு வார்ப்பு உண்டு. அந்த வார்ப்புக்குள் விழுந்த எல்லாரும் 'அன்பும் பண்பும் நிறைந்தவர்' ஆகிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டுத் திரிந்த மனிதரையும் அதில் அடையாளம் காண முடியாது. சமய முறைக்குரிய பக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு மற்றப் பக்கங்களை அவரிடமே விட்டுவிடுவதுதான் வழி.

முதலில் நாட்கணக்கு. 31 நாள் இருக்கிறதே என்று நம்பக்கூடாது. அச்சகத்துக்கு 24ஆம் நாள் போனால்தான் 28ஆம் நாளாவது புத்தகம் வீடு வரும். வடிவமைப்புக்கு நான்கு நாள், பிழை பார்க்க மூன்று நாள் கழித்தால், எழுத்தும் படமும் 16ஆம் நாளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பலர் எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்த கையோடு விமானம் ஏறிவிடுவார்கள். அவரோடு கூடித் திரிந்த கிழவர்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் இருப்பது அந்த எட்டு நாளும்தான். கதை சேர்க்கிற வேலையை அப்போதே முடித்துவிடுங்கள்.

"அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டால் 'அன்பே உருவான' என்றுதான் வரும். பேனாவைக் கண்டதும் எல்லாருக்கும் மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. எழுதச் சொல்லாமல் கைத்தொலைபேசியில் பதியுங்கள், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். கேள்வி குறுகலாக இருக்கட்டும்: உங்களை அவர் என்ன பட்டம் தெளித்துக் கூப்பிட்டார்? எந்தப் பகிடிக்குச் சொல்லி முடிக்க முன்னமே தானே சிரித்துவிடுவார்? கடைசியாக அவரிடம் எதில் ஏமாந்தீர்கள்? அப்பம்மாவிடம் எதற்கு ஏச்சு வாங்கினார்? இருவரை ஒன்றாக இருத்திக் கேட்பது இன்னும் நல்லது. ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துத் திருத்துவார், கதை தானாக வளரும்.

பதிவை எழுத்தாக்கும்போது கதை சொன்னவர் வாயில் வந்த சொல்லை நூல் தமிழாக்காதீர்கள். 'நகைச்சுவை உணர்வு மிக்கவர்' என்ற வரியை வாசித்து யாரும் சிரிப்பதில்லை. '304 விளையாடும்போது கையில் ஒரு ஜாக்கும் இல்லாமல் துணிந்து கேள்வி கேட்பார், பிறகு ஒன்றும் அறியாதவர்போல வெற்றிலைத் தட்டத்தைத் துழாவுவார்' என்றால், அந்தச் சீட்டு விளையாட்டில் கேள்வி என்பது ஏலம், ஜாக்குக்குத்தான் 30 புள்ளி என்று தெரிந்தவர் முதல் வரியிலேயே சிரித்துவிடுவார். பகிடிக்கு முன் நடந்தது, அவர் முகம் இருந்த மாதிரி, அவர் சொன்ன சொல், இந்த மூன்றும் வேண்டும். விளக்கம் வேண்டாம். ஒரு கதை 150 சொல்லுக்கு மேல் போனால் முனை மழுங்கும். உயிரோடு இருக்கும் ஒருவரை நோகச் செய்யும் பகிடி, மருமக்களைக் குத்தும் பகிடி, சாதிப் பகிடி ஆகியவற்றைச் சபையில் எல்லாரும் சிரித்திருந்தாலும் சேர்க்கக்கூடாது. சொன்னவர் முகம் பார்த்து மன்னித்தவர்கள் அச்சில் மன்னிக்க மாட்டார்கள். பட்டப்பெயரைப் போடுவதானால் அதற்குரியவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

திதி வெண்பாவில் விளையாட முடியாது. ஆண்டுத் திவசம் அதைப் பார்த்தே வரும். தமிழ் வருடம், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, பெயர் எல்லாம் நான்கு அடிக்குள் நிற்க வேண்டும். வருடப் பெயரில் அடிக்கடி பிழை விடுவார்கள். தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில்தான் மாறுகிறது. 2026 பெப்ரவரியில் இறந்தவருக்கு வருடம் விசுவாவசு. பராபவ அந்த ஏப்ரலில்தான் பிறக்கிறது. வெளிநாட்டு மரணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. திதி மாறும் கணம் உலகமெங்கும் ஒன்றே, கடிகாரம்தான் வேறு. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதானால் இறந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். கோடையில் ரொறன்ரோவில் இரவு 10 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 7.30, குளிர்காலத்தில் 8.30. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் மணிக்கணக்கில் வேறுபடலாம். ஆகவே குடும்பக் குருக்கள் எதைப் பார்க்கிறாரோ அதையே கொள்ளுங்கள். வெண்பா எழுதுபவரிடம் திதியைத் தாளில் எழுதிக் கொடுங்கள், தொலைபேசியில் சொன்னால் சதுர்த்தி சதுர்த்தசியாகிவிடும்.

படத்துக்கு வருவோம். அட்டையில் அடையாள அட்டைப் படத்தைப் போடுவதிலேயே பாதி மலர் கெட்டுவிடுகிறது. பல் தெரியச் சிரிக்கும் படம் இருந்தால் சற்று மங்கலானாலும் அதைப் போடுங்கள். 1995 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த குடும்பங்களில் பழைய படம் இராது. அதற்கு முன் வெளிநாட்டு உறவுகளுக்குக் கடிதத்தோடு அனுப்பிய பிரதிகள் அங்கே பெட்டிகளில் கிடக்கலாம், அவர்களிடம் கேளுங்கள். படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு அளவுப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஏ5 முழுப்பக்கப் படத்துக்கு ஏறக்குறைய 1820க்கு 2550 பிக்சல் வேண்டும், சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீற்றர் உட்பட. ஒட்டும் அல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். அப்படியே யன்னல் வெளிச்சத்தில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்தால் போதும்.

நடுவில் கம்பி தைக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும். 32 பக்கம் அளவானது. அதில் 16, 17ஆம் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளாக விரியும். வம்ச விருட்சத்தை அங்கே வையுங்கள், வேறெங்கு வைத்தாலும் ஒரு கிளை மடிப்பில் முறியும். உள்ளே 100 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 100 கிராம்) தாள், அட்டை 250 ஜிஎஸ்எம். ஒரு பிரதி ஏறத்தாழ 66 கிராம் வரும், நூறு பிரதி 6.6 கிலோ. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவரின் பெட்டிக் கணக்குக்கு இது உதவும். பிரதிக் கணக்கைத் தலைக்கல்ல, வீட்டுக்கு ஒன்றாகப் போட்டு மேலே பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

சண்டை வருவது விருட்சத்தில்தான். விடுபட்ட மருமகன், முன்பின் மாறிய பிள்ளைகள், இரண்டாம் தாரம், பிறந்து மூன்று வாரமான பூட்டப்பிள்ளை. ஒவ்வொரு கிளைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, தங்கள் கிளையை அச்சுப்படியில் பார்த்துக் கையெழுத்திடச் செய்யுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி வேண்டாம், மலர் இணையத்துக்கும் போகும்.

அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்தால் யூனிகோட்டிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். 'ஸ்ரீ' முற்றாகக் காணாமல் போவதுண்டு. பஞ்சபுராணத்தை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் அச்சுப்படியைச் சத்தமாக வாசிக்கட்டும். திரையில் தப்பிய பிழை தாளில் அகப்படும். இரங்கல் செய்திகளுக்கு இரண்டு பக்கம் போதும். பிரமுகர்களின் கடிதங்களுக்கு இடம் விட்டால் அவை பகிடிப் பக்கங்களைத் தின்றுவிடும்.

அவர் சிரிப்பு எந்தக் கலியாண வீடியோவிலாவது பதிவாகியிருந்தால் அந்த அரை நிமிடத்தை வெட்டியெடுத்து, 2.5 சென்ரிமீற்றர் கியூஆர் குறியாகப் பின்னட்டையின் உட்புறம் போடலாம். பகிர்வு அனுமதி 'எவரும் பார்க்கலாம்' என்று இருக்கிறதா என வேறொருவரின் தொலைபேசியில் சோதியுங்கள். இணைப்பு ஒருநாள் செத்துப்போகலாம் என்பதால் மூலக் கோப்பை மூன்று வீடுகளில் வையுங்கள். நூலகம் என்னும் இணைய நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. பெட்டி கட்டும்போதே அதற்கென்று ஒரு பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள், பந்தியில் கொடுக்கத் தொடங்கினால் ஒன்றும் மிஞ்சாது.