எல்எம்ஜிடி3 விதிகள்: பிஓபி அட்டவணையைப் படிப்பது எப்படி?

உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2023-உடன் பழைய ஜிடிஇ வகுப்புக் கார்களுக்கு மூடுவிழா நடந்தது. 2024 முதல் அந்த இடத்தில் எல்எம்ஜிடி3 வகுப்பு. அடிப்படை கார், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் ஜிடி3-தான். மேலே சேர்ந்த விதிகள்தான் புதியவர்களைக் குழப்புகின்றன. அதிலும் பிஓபி (பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்), அதாவது ஒவ்வொரு காருக்கும் எடை, பவர், எனர்ஜி எவ்வளவு என்று சொல்லும் அட்டவணை.

படி 1: கார் எந்த வகுப்பு என்று பாருங்கள்

பெயரை நம்பாதீர்கள். போர்ஷே 911 ஜிடி3 கப் என்பது ஜிடி3 வகுப்புக் கார் அல்ல. ஜிடி3 வகுப்பில் ஓடுவது 911 ஜிடி3 ஆர். 2025 துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி மூன்றாமிடம் பிடித்தது கப் கார்கள் ஓடும் 992 வகுப்பில். அங்கே எல்லாருக்கும் ஒரே கார் என்பதால் சமன்படுத்தும் வேலையே இல்லை. எல்எம்ஜிடி3-யில் வெவ்வேறு கம்பெனி கார்கள் மோதுவதால்தான் பிஓபி என்ற சமன்படுத்தும் அட்டவணை தேவைப்படுகிறது.

படி 2: எடையையும் பவரையும் சேர்த்தே படியுங்கள்

'அந்தக் காருக்கு 20 கிலோ குறைவு, அநியாயம்' என்று சண்டை போடுவதற்கு முன் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். அங்கே பவரைக் குறைத்திருக்கலாம்.

பவரை அளப்பது எஞ்சினில் அல்ல. பின்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்களில் உள்ள, முறுக்குவிசையை அளக்கும் டார்க் சென்சார்களில். முன்பெல்லாம் காற்று போகும் துளையையோ டர்போ அழுத்தத்தையோ கட்டுப்படுத்துவதோடு சரி. வெயில் ஏறினால், ஊர் உயரமானால் எஞ்சின் கணக்கு மாறிவிடும். இப்போது ரோட்டில் இறங்கும் பவரே நேரடியாகத் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு ஷாஃப்டிலும் 1,200 நியூட்டன் மீட்டர், சக்கரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று வையுங்கள். 1,500 சுற்று என்றால் விநாடிக்கு 157 ரேடியன். 1,200 × 2 × 157 = சுமார் 377 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 512 குதிரைத்திறன். பின்டயர் விட்டம் 71 செ.மீ. என்றால் அப்போது கார் 200 கி.மீ. வேகத்தில் போகிறது.

சிக்கல் எங்கே வரும்? டிராக் ஓரத்தில் உள்ள மேடான கெர்ப் மீது ஏறி சக்கரம் காற்றில் சுழன்று மறுபடி தரையில் பிடிக்கும்போது ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும்; ரீடிங் திடீரென எகிறும். வரம்பைத் தாண்டினால் தண்டனை உண்டு என்பதால் எஞ்சின் மேப்பில், அதாவது எஞ்சின் எவ்வளவு பவர் தர வேண்டும் என்ற அமைப்பில், வரம்புக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். அதிகம் விட்டால் நேர்ரோட்டில் பின்தங்க வேண்டியதுதான்.

படி 3: ஸ்டின்ட் எனர்ஜி

இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரு பிட் ஸ்டாப்பிலிருந்து (பெட்ரோல், டயருக்காக நிற்பது) அடுத்ததுவரை எவ்வளவு மெகாஜூல் செலவழிக்கலாம் என்பதே இந்தக் கட்டம். டேங்கில் பெட்ரோல் மிச்சமிருந்தாலும் இந்தக் கணக்கு தீர்ந்தால் பிட்டுக்கு வந்தாக வேண்டும். சராசரி 200 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 720 மெகாஜூல்.

மிச்சம் பிடிக்க, பிரேக் போடுமுன்பே ஆக்சிலரேட்டரை விடுவார்கள். 250 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர் முன்னதாக விட்டால் 0.72 விநாடி, மேலே பார்த்த 377 கிலோவாட்டில் சுமார் 0.27 மெகாஜூல் மிச்சம். பத்து வளைவுக்குப் பெருக்கினால், கடைசி லேப்களில் எதற்கு மெதுவாக ஓட்டுகிறார்கள் என்பது விளங்கும்.

படி 4: ஓட்டுநர், டயர்

ஓட்டுநர்களை எஃப்ஐஏ தரம் பிரிக்கிறது. ஒரு காரின் மூவரில் ஒருவர் கட்டாயம் வெண்கல (Bronze) தரம், இன்னொருவர் வெண்கலம் அல்லது வெள்ளி (Silver). மூன்றாமவர் எந்தத் தரமாகவும் இருக்கலாம். டயர் எல்லாருக்கும் குட்இயர். டயரைச் சூடேற்றும் கருவி கிடையாது. அதனால் பிட்டிலிருந்து வெளிவரும் முதல் லேப்பில் கார் வழுக்கினால் ஓட்டுநரைத் திட்டாதீர்கள். ஏபிஎஸ் உண்டு, ஜிடிஇ-யில் அது இல்லை.

படி 5: தேதியைச் சரிபாருங்கள்

அட்டவணை பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். லே மான்ஸுக்குத் தனியாகவே ஒன்று வரும். இமோலா பந்தய அட்டவணையை வைத்துக்கொண்டு லே மான்ஸ் நேரங்களை அலசினால் முதல் வரியிலேயே தப்பு.