நீர்க்கடுப்புக்கு மங்கோலிய இலைக் கஷாயம்: அலிர்ஸ் போடும் முறை

மங்கோலியாவின் வடக்கே ஹெந்தி, ஹுவ்ஸ்குல் பக்கத்துக் காடுகளில், லார்ச், பைன் மரங்களுக்கு அடியில் ஒரு சாண் உயரக் குறுஞ்செடி ஒன்று படர்ந்து கிடக்கும். அங்கே அதற்கு அலிர்ஸ் என்று பெயர். நம் சூப்பர் மார்க்கெட்டில் லிங்கன்பெர்ரி. சிவப்பான புளிப்புப் பழத்தை ஜாமுக்கும் சாறுக்கும் எடுப்பார்கள். நீர்க்கடுப்புக்கு இலைதான் மருந்து. பக்கத்து சைபீரியாவிலும் இதே வழக்கம் உண்டு.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒன்று. இதைக் கடைசியில் பொடி எழுத்தில் போட எனக்கு மனமில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், முதுகின் பக்கவாட்டில் வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே டாக்டரிடம் போங்கள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் ஆன்டிபயாடிக் தேவை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைக் குடிக்கவே கூடாது. ஆண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் முதலில் பரிசோதனை. லேசான எரிச்சலுக்கு, மற்றவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கஷாயம்.

1. இலையைப் பாருங்கள்

காய்ந்த இலை தோல்போலத் தடித்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். மேல்புறம் கரும்பச்சை. திருப்பினால் வெளிறிய அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். இதுதான் அடையாளம், கிட்டத்தட்ட இதே சாயலில் இருக்கும் கரடிப்பழ இலையில் அந்தப் புள்ளி கிடையாது. வசந்தத்தில் பூக்கும் முன்போ, பழம் பறித்த பிறகு இலையுதிர் காலத்திலோதான் பறிப்பார்கள். கோடையில் பறித்தது காயும்போது கறுத்துவிடும். பாக்கெட்டில் கறுத்த இலை நிறைய இருந்தால் வாங்காதீர்கள்.

2. அளவு

ஒரு நாளைக்கு 2 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 6 கிராம். தண்ணீர் 200 மில்லி.

3. காய்ச்சுதல்

எனாமல் அல்லது ஸ்டீல் பாத்திரம் எடுங்கள். இரும்பு வேண்டாம், இலையில் துவர்ப்பு அதிகம், இரும்பு பட்டால் மைபோலக் கறுக்கும். இலையைப் போட்டு, கொதித்த நீரை ஊற்றி மூடுங்கள். நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி 30 நிமிடம் வையுங்கள். பிறகு 10 நிமிடம் ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, இலையை நன்றாகப் பிழியுங்கள். குறைந்த அளவுக்கு வெந்நீர் சேர்த்து மறுபடி 200 மில்லி ஆக்குங்கள்.

4. குடிக்கும் முறை

மூன்று பங்காக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு வெதுவெதுப்பாகக் குடியுங்கள். வெறும் வயிற்றில் துவர்ப்பு குமட்டும். மங்கோலியர்களுக்குச் சிறுநீரகம் என்றாலே குளிர்ச்சி பகை. டீல் அங்கியின்மேல் இடுப்பில் அகலத் துணி சுற்றிக் கட்டுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதனால் ஃபிரிட்ஜில் வைத்த கஷாயத்தை மறுபடி சூடாக்கியே குடியுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். எலுமிச்சை பிழியாமல் இருப்பது நல்லது.

இலையிலுள்ள அர்பூட்டின் உடலுக்குள் ஹைட்ரோகுவினோனாக மாறி, சிறுநீரோடு வெளியேறும் வழியில் கிருமிகளைத் தாக்குகிறது. சிறுநீர் கொஞ்சம் பச்சை கலந்த பழுப்பாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஆனால் அதே ஹைட்ரோகுவினோன் அதிகமானால் உடலுக்குக் கெடுதல். ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் தொடராதீர்கள். இரண்டு மூன்று நாளில் எரிச்சல் தணியவில்லையென்றால், கஷாயத்தை நிறுத்திவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.